கூப்பிட்டாலும் வாய் திறக்காதே

பதினாறு பிள்ளைகளை ஒரு கயிற்றில் கோத்துக்கொண்டு தெருவைக் கடப்பது எனக்குப் பெரிய காரியமில்லை. ஒரு கதிரையில் பத்து நிமிடம் இருந்து தேநீர் குடிப்பதுதான் பெரிய காரியம். கியூபெக்கின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், பெற்றோர் வேலைக்குப் போகும் முன் பிள்ளைகளை விட்டுச் செல்லும் ஒரு கார்டெரியில் நான் ஆசிரியை. என் வகுப்பில் எல்லோருக்கும் நான்கு வயது. மதியத்தில் மற்ற ஆசிரியைகள் மேசையைச் சுற்றி இருந்து சாப்பிடுவார்கள். நான் முதுகைச் சுவரில் வைத்து, கதவைப் பார்த்தபடி, நின்றுகொண்டே சாப்பிட்டு முடிப்பேன். வேலை முடிந்தால் ஒரு நாள் அக்காடி மெத்ரோ ரயில் நிலையப் பக்கத்தால் வீடு போவேன், மறுநாள் பார்க் மெத்ரோப் பக்கத்தால், அதற்கடுத்த நாள் ரயில் வேலியோரமாகச் சுற்றிக்கொண்டு. எட்டு நிமிட வழிக்கு அரை மணித்தியாலம் ஆகும்.

என் கணவர் லாசாலில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்குபவர். அவ்வளவு தூரத்தில் இருந்து வருகிற மனிதர் எனக்கு முன்பே வீட்டுக்கு வந்து வெங்காயம் வெட்டிக்கொண்டிருப்பார். "இஞ்சரும், இண்டைக்கு எந்த நாட்டைச் சுத்தி வாறீர்?" என்று கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் மனிதர் கேட்பதில் பிழையில்லை. போன வழியால் திரும்பி வரக்கூடாது என்பது என் இருபதாவது வயதில் கால்களுக்குள் போன சட்டம். தலைக்கு விளங்கப்படுத்தலாம். கால்கள் கேட்பதாக இல்லை.

நான் வேவுக்காரி. ஒரு காலத்தில் வன்னிக் காடுகளுக்குள் மூன்று பேர், நான்கு பேராகப் போய், பார்த்து, எண்ணி, எவருக்கும் தெரியாமல் திரும்பி வருவதுதான் என் வேலை. எந்தப் பக்கம் நின்றேன் என்பதை என் தமிழைக் கேட்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பெருமைக்காக இதை எழுதவில்லை. போன ஒக்டோபரில் என் கையில் இருந்த ஒரு பிள்ளை காணாமல் போனது. அவளைக் கண்டுபிடித்தது நான்தான் என்று எல்லோரும் கொண்டாடினார்கள். அவளை ஒளித்து வைத்ததும் நான்தான் என்பது எனக்கு மட்டும் தெரியும். அதைச் சொல்ல வேண்டுமானால் காட்டையும் சொல்லியாக வேண்டும்.

வேவுக்குப் போகிறவர்கள் சண்டை பிடிக்கப் போவதில்லை. ஒரு வெடி வைக்க வேண்டி வந்தால் அந்தப் பயணம் தோல்வி. புறப்படுவதற்கு ஒரு கிழமைக்கு முன்பே சவர்க்காரத்தை நிறுத்திவிடுவோம், பற்பசையையும்தான். காட்டில் சவர்க்கார வாசம் ஆளுக்கு முன்னால் நடந்து போகும். இன்றைக்கும் கார்டெரியில் பிள்ளைகளுக்கு வெயில் களிம்பு பூசும்போது அந்த வாசத்தில் நான் சுற்றிவரப் பார்ப்பேன், இந்தப் பிள்ளைகளை அரை மைலுக்கு அப்பாலேயே பிடித்துவிடுவார்களே என்று. யார் பிடிக்கப் போகிறார்கள்? ஐஸ்கிரீம் வண்டிக்காரனா? இப்படித்தான் என் மூளை வேலை செய்கிறது.

கடைசியாக நடப்பவள் பெரும்பாலும் நான். மிதிபட்ட புல்லை நிமிர்த்துவது, காலடியை இலையால் மூடுவது, பின்னால் பார்ப்பது எல்லாம் கடைசி ஆளின் வேலை. கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை நெருங்கிப் போய் முன்னால் போகிறவளின் தோளில் ஒரு தட்டுத் தட்டுவேன். அவள் தனக்கு முன்னால் போகிறவளைத் தட்டுவாள். தட்டு வந்து சேரவில்லை என்றால் முன்னால் போகிற பொறுப்பாளர் நின்றுவிடுவா. யாரோ குறைகிறார்கள் என்று அர்த்தம்.

பிரிந்துபோனால் என்ன செய்வது என்பதற்கும் சட்டம் இருந்தது. தேடி அலையக்கூடாது. கடைசியாக எல்லோரும் இருந்து இளைப்பாறிய இடத்துக்குத் திரும்பிப் போய், சொன்ன நேரம் வரைக்கும் அசையாமல் காத்திருக்க வேண்டும். அதற்கும் மேலே ஒன்று. யார் கூப்பிட்டாலும் வாய் திறக்கக்கூடாது. தெரிந்த குரலாக இருந்தாலும்தான். பிடிபட்டவளைக் கொண்டே மற்றவர்களைக் கூப்பிடவைக்கலாம் அல்லவா?

இந்தச் சட்டங்களைத்தான் நான் நான்கு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

திட்டமிட்டுச் செய்யவில்லை. செப்டெம்பரில் வந்த புதுப் பிள்ளைகள் பூங்காவுக்குப் போகும் வழியெல்லாம் கத்தித் தெருவை ஒரு வழி பண்ணினார்கள். ஒரு நாள் எரிச்சலில், "நாங்கள் இப்போது காட்டுக்குள் போகிறோம், ஒருவருக்கும் தெரியக்கூடாது" என்று பிரெஞ்சில் சொன்னேன். பதினாறும் கப்சிப். அடுத்த நாள் தோளில் தட்டும் விளையாட்டைச் சேர்த்தேன். கயிற்றின் கடைசிப் பிள்ளையில் தொடங்கிய தட்டு முன்னால் நிற்கிற பிள்ளைக்கு வந்து சேர்ந்ததும் அது கையைத் தூக்கும். பிறகு தொலைந்துபோனால் கடைசியாக இருந்த இடத்துக்குப் போக வேண்டும் என்றேன். அதற்குப் பிறகு, கூப்பிட்டாலும் வாய் திறக்கக்கூடாது என்றேன். அது ஏன் என் வாயில் வந்தது? எனக்கு அவை தனித்தனியாக இல்லை. ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதைக் கொடுக்க எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகளுக்குப் பிடித்ததே அந்தக் கடைசிச் சட்டம்தான். வாயைக் கையால் பொத்திக்கொண்டு கண்ணால் சிரிப்பார்கள். எங்கள் கார்டெரியின் பொறுப்பாளர் அம்மா வகுப்பறைக்கு வந்து பார்த்துவிட்டு, இந்த மாதிரி அமைதியான வகுப்பைத் தான் கண்டதில்லை என்றா. நான் பூரித்துப் போனேன்.

ஒக்டோபரில் இலை பார்க்க மலைக்குப் போனோம். நான், என்னோடு வேலை செய்கிற கியூபெக் பெண், பதினாறு பிள்ளைகள், ஒரு மஞ்சள் பஸ். அந்தப் பெண்ணுக்கு இருபத்தாறு வயது. வாய் திறந்தால் நாலு தெருவுக்குக் கேட்கும். காட்டுப் பாதையில் ஒரு தட்டையான பாறை இருந்தது. அதில் எல்லோரையும் இருத்தி அப்பிள் துண்டு கொடுத்தோம். பிறகு குளத்தை நோக்கி இறங்கினோம். அன்று வழக்கத்துக்கு மாறாக நான் முன்னால் நடந்தேன். அவள் பின்னால் வந்தாள், கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு. குளத்தடியில் நின்று தட்டுக் கேட்டேன். கடைசியில் தொடங்கிய தட்டு நடுவில் நின்றுவிட்டது. கயிற்றில் பிள்ளைகள் பிடிக்கும் வளையங்களில் ஒன்று வெறுமையாகத் தொங்கியது.

அது வகுப்பில் இருந்த ஒரேயொரு தமிழ்ப் பிள்ளையின் வளையம். சின்னவள், மூக்கு எப்போதும் ஒழுகும், சிவப்புக் குளிர்ச்சட்டை. அவளுடைய தாய் யாழ்ப்பாணத்துக்காரி. நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்பவர்.

கியூபெக் பெண் அந்த நிமிடமே பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்தத் தொடங்கினாள். நாயோடு வந்த ஒரு கிழவர், ஓடிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் எல்லோரும் பிள்ளைகளைச் சூழ்ந்து நிற்க, அவள் நாங்கள் இறங்கி வந்த பாதையில் கத்திக்கொண்டே ஓடினாள். நான் கத்தவில்லை. கத்த வரவில்லை. நான் நிலத்தைப் பார்த்தேன், காலடி தேடி. நிலம் முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாக இலை. சிவப்புச் சட்டை போட்ட பிள்ளையைச் சிவப்பு இலைக்குள் தேடுகிறேன். கால் பட்டுத் திரும்பிய இலையின் அடிப்பக்கம் வெளிறி ஈரமாகத் தெரியுமென்று அந்த நேரத்திலும் என் கண் ஒவ்வொரு இலையாகப் பார்த்தது. கியூபெக் பெண் திரும்பி வந்து, "நீ ஏன் கூப்பிடாமல் நிற்கிறாய்?" என்று என்னைப் பிடித்து உலுக்கினாள். இருபது நிமிடம் போயிருக்கும்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பாறைக்கு ஓடினேன்.

பாறைக்குப் பின்பக்கம், முழங்காலைக் கட்டிக்கொண்டு, தொப்பியை இழுத்துவிட்டு இருந்தாள். ஒரு கையால் வாயைப் பொத்தியிருந்தாள். மற்றக் கையில் மூன்று ஓக் கொட்டை. அதைப் பொறுக்கத்தான் கயிற்றை விட்டிருக்கிறாள். பாறையில் இருந்து பாதை பத்தடி கூட இல்லை. என்னைக் கண்டதும் வாயில் இருந்து கையை எடுத்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் தமிழில் ரகசியமாகச் சொன்னாள்.

"அவ மூண்டு தரம் கூப்பிட்டவ. நான் வாயே திறக்கேல்லை."

அவளுக்கு அவ்வளவு பெருமை. நான் அவளைத் தூக்கிக் கட்டிக்கொண்டேன். கியூபெக் பெண் வந்து எங்கள் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் மகிழ்ச்சியில் அழுதாள். நான் பயத்தில் பிள்ளையை இறக்கிவிடாமல் நின்றேன்.

அன்று பின்னேரம் அறிக்கை எழுத வேண்டியிருந்தது. பிள்ளை எங்கே பிரிந்தது, எவ்வளவு நேரம், எங்கே கிடைத்தது. எழுதினேன். ஒரு பொய்யும் இல்லை. பிள்ளைக்குக் கூப்பிட்டது கேட்டது என்பதை மட்டும் எழுதவில்லை. பொறுப்பாளர் அம்மா வாசித்துவிட்டு, உனக்குத் தாயின் உணர்வு இருக்கிறது என்றா. எனக்குப் பிள்ளைகள் இல்லை. தலையாட்டிவிட்டு மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து, எந்த மெத்ரோவும் இல்லாத திசையில் இருட்டும் வரை நடந்தேன்.

அறிக்கையில் ஒன்றை விடுவது எனக்குப் புதிதல்ல.

இயக்கத்தில் எங்களுக்கு வேறு பெயர்கள். வீட்டுப் பெயரைக் கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. எனக்கு முன்னால் நடக்கும் மட்டக்களப்புக்காரிக்கு மட்டும் என் வீட்டுப் பெயர் தெரியும். ஒரு மத்தியானம் ஒருவர் காலில் ஒருவர் உண்ணி பிடுங்கிக்கொண்டிருந்தபோது பெயர்களை மாற்றிக்கொண்டோம். 'பிறகு' என்பதற்கு நான் 'பேந்து' என்றால் அவள் 'மறுகா' என்பாள். அதற்கு நான் சிரிப்பேன், அவள் என் முதுகில் குத்துவாள். சத்தம் வராமல் சிரிக்கவும் சத்தம் வராமல் குத்தவும் எங்களுக்குத் தெரியும்.

மூன்று நாள் ஒரு இராணுவ முகாமைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் ஒற்றை யானை குறுக்கே வந்துவிட்டது. வெடி வைக்க முடியாது. மூவரும் மூன்று பக்கம் ஓடினோம். நானும் பொறுப்பாளரும் கடைசியாக இளைப்பாறிய வீரை மரத்தடிக்கு வந்து சேர்ந்தோம். அவள் வரவில்லை. இரண்டு மணித்தியாலம் காத்திருப்பது என்பது பேச்சு. ஒரு மணித்தியாலம் ஆனபோது மேற்குப் பக்கத்தில் இருந்து ஒரு குரல் கூப்பிட்டது, என் வீட்டுப் பெயரைச் சொல்லி. அந்தக் காட்டில் அந்தப் பெயர் தெரிந்தவள் ஒருத்திதான். மூன்று தரம் கூப்பிட்டாள். பொறுப்பாளர் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தா. நான் வாய் திறக்கவில்லை. எழும்பவுமில்லை. நேரம் முடிந்ததும் இருவரும் புறப்பட்டோம். கடைசி ஆளாக நான் புல்லை நிமிர்த்திக்கொண்டு வந்தேன்.

சட்டம் அவளுக்கும் தெரியும். நடக்க முடிந்திருந்தால் அவள் கூப்பிட்டிருக்க மாட்டாள். இது எனக்கு அன்றே தெரியும். எங்கள் முகாமுக்கு வந்து அறிக்கை சொன்னோம்: பிரிந்தாள், சந்திப்பு இடத்துக்கு வரவில்லை. குரலைப் பற்றி இருவருமே சொல்லவில்லை. நான்கு நாள் கழித்துத் தேடிப் போனவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பொறுப்பாளரும் அந்த வருடமே இறந்துபோனா. மிச்சம் நான்.

இங்கே வந்தபோது கடவுச்சீட்டில் இருந்த வீட்டுப் பெயரே என் பெயராயிற்று. கணவர் 'இஞ்சரும்' என்பதால் வீட்டில் அந்தப் பெயருக்கு வேலை இல்லை. கார்டெரியில் ஆசிரியைகளைப் பெயர் சொல்லித்தான் பிள்ளைகள் கூப்பிடுவார்கள். பதினாறு வாய்கள் நாள் முழுக்க அந்தப் பெயரைக் கூப்பிடும். நான் குரல் கொடுப்பதில்லை. எழுந்து போய்த் தோளைத் தொடுவேன். நல்ல மென்மையான முறை என்று கியூபெக் பெண் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கணவரிடம் சொன்னேன், மலையில் நடந்ததை மட்டும். அவர் யோசித்துவிட்டு, "பிள்ளை கிடைச்சிட்டுதுதானே, விடும். சும்மா கிடக்கிறதைக் கிண்டி வேலையைத் துலைக்கப் போறீரோ?" என்றார். நியாயமான பேச்சு. அந்த நியாயம் எனக்கு எரிச்சலைத் தந்தது. எழுந்து போய்க் கழுவியிருந்த பாத்திரங்களை எல்லாம் மறுபடியும் கழுவினேன்.

அடுத்த கிழமை சின்னவளின் தாய் ஒரு பெட்டி நிறைய றோல்ஸ் சுட்டுக்கொண்டு வந்தார். பிள்ளைகளின் மேல்சட்டை தொங்கும் நடைவழியில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்கள் இல்லாட்டி என்ர பிள்ளை..." என்று தொடங்கி முடிக்க முடியாமல் நின்றார். நான் பெட்டியை வாங்கினேன். கையில் சூடு ஏறியது. கண்ணைத் துடைத்துவிட்டு அவர் சிரித்துக்கொண்டே இன்னொன்று சொன்னார். "ஆனா அக்கா, இப்ப இவளுக்கு ஒரு புதுக் கூத்து. நேற்றுக் கடையில காணேல்லை. நான் கூப்பிடுறன், கூப்பிடுறன், சத்தமே இல்லை. பாத்தா அரிசி மூட்டைக்குப் பின்னால வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறாள். கடைக்கார அண்ணை தெருவுக்கே ஓடிட்டார்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த தடவை கடையாக இருக்காது. தெருவாக இருக்கலாம், பனியாக இருக்கலாம், தீயாக இருக்கலாம். வாய் திறக்காத பிள்ளையை யார் கண்டுபிடிப்பார்கள்?

"அது நான் சொல்லிக் குடுத்தது," என்றேன்.

எல்லாவற்றையும் அங்கேயே சொன்னேன். மலையில் அவளுக்குக் கூப்பிட்டது கேட்டது, அவள் வேண்டுமென்றே பேசாமல் இருந்தாள், அந்தச் சட்டம் என்னுடையது, அதை நான் எங்கே படித்தேன் என்பது வரைக்கும். தாயின் முகம் மெல்ல மெல்ல மாறியது. என் கையை விட்டார். குனிந்து பிள்ளைக்குச் சப்பாத்தைப் போட்டுவிட்டார்.

"நானும் அங்க இருந்து வந்தனான்தான் அக்கா," என்றார். "பங்கருக்குள்ள என்ர அம்மா என்ர வாயைப் பொத்தினவ. அந்தக் கை இப்பவும் என்ர வாயில இருக்கு. அதை என்ர பிள்ளைக்கு ஏன் குடுத்தனீங்கள்?"

பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். கதவு வரை போனவர் திரும்பிப் பார்த்து, "குடுத்த நீங்களே எடுத்து விடுங்கோ," என்றார்.

அன்றைக்கே பொறுப்பாளர் அம்மாவின் அறைக்குப் போய் அறிக்கையைத் திருத்த வேண்டும் என்றேன். அவ அறிக்கையை எடுத்து மறுபடியும் வாசித்தா. ஒரு எச்சரிக்கைக் கடிதம் தந்தா, இரண்டு மாதத்துக்கு வெளியே பிள்ளைகளைத் தனியாகக் கூட்டிப்போகக் கூடாது என்றும் சொன்னா. வேலை போகவில்லை. போயிருந்தாலும் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

பிறகு எடுத்துவிடும் வேலை தொடங்கியது. மற்றப் பதினைந்து பிள்ளைகளுக்கும் அது சுலபம். இனிமேல் தொலைந்தால் கத்த வேண்டும் என்றதும் கூரை பறக்கக் கத்தினார்கள். சின்னவள் மட்டும் மறுத்துவிட்டாள். கியூபெக் பெண் கெஞ்சிப் பார்த்தாள். பிள்ளை என்னைத்தான் பார்த்தது. "நீங்கள் கத்திறேல்லைத்தானே?" என்றது. உண்மை. நான்கு வயதுப் பிள்ளையை ஏமாற்ற முடியாது.

முதல் பனி கொட்டிய கிழமை எல்லோருமாகப் பூங்காவுக்குப் போனோம். கியூபெக் பெண் மற்றவர்களோடு பனியில் உருண்டுகொண்டிருந்தாள். நான் சின்னவளிடம், "இண்டைக்கு நான் துலையிறன். நீங்கள் கூப்பிடுங்கோ," என்றேன். போய் ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் நின்றேன். முதுகை மரத்தில் வைத்தேன். பழக்கம்.

அவள் கூப்பிட்டாள். என் பெயரை, அந்தப் பெயரை. மெல்லிய குரல். மரங்களுக்கிடையில் வரும்போது எந்தப் பக்கம் என்று தெரியாத மாதிரி இருந்தது. நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. மணிக்கட்டில் பொறுப்பாளரின் விரல்களை அப்படியே உணர்ந்தேன். இரண்டாம் தரம் கூப்பிட்டாள். குரல் கொஞ்சம் உயர்ந்தது. என் கண்ணில் தண்ணீர் வந்தது, தொண்டையில் சத்தம் வரவில்லை. எனக்கே என்மேல் ஆத்திரம் வந்தது. மூன்றாம் தரம் கூப்பிட்டபோது அது விளையாட்டுக் குரல் இல்லை. பிள்ளை பயந்துவிட்டது.

"ஓம்!" என்று கத்தினேன். "ஓம்! இஞ்சை நிக்கிறன்! வாறன், வாறன்!"

பூங்காவில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். காகங்கள் எழும்பின. நான் நிறுத்தவில்லை. வாறன், வாறன் என்று கத்திக்கொண்டே மரத்தைச் சுற்றி ஓடினேன். சின்னவள் முழங்கால் அளவு பனியில் நின்றுகொண்டிருந்தாள். உதடு நடுங்கியது. கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கோபமாக என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"நான் கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டுதுதானே," என்றாள். "ஏன் இவ்வளவு நேரம் வரேல்லை?"